கையெழுத்தான ஒப்பந்தங்கள் அவைக்கு வரட்டும்

வெளியுறவு விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்வது ஒன்றியப் பட்டியலின் 14-ஆவது இனம். அதுபற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தங்களை எப்போது, எப்படி அவைமுன் வைக்க வேண்டும் என்று வரையறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. ஆகவே ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரத்தைக் கூறும் அரசமைப்பின் 73-ஆவது உறுப்பின் துணையோடு அரசே பேசி, அரசே கையெழுத்திட்டு, ஒப்பந்தம் நாட்டைக் கட்டுப்படுத்தும் என்ற இறுதி ஒப்புதலான ஏற்புறுதியையும் அரசே செய்துவிடுகிறது. 2016, 2018, 2020 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட மூன்று அடிப்படைப் பாதுகாப்பு ஒப்பந்தங்களும் உங்கள் ஒப்புதலுக்கு வரவில்லை.

இந்த வெற்றிடத்தின் விளைவைப் பாக் நீரிணையில் காணலாம். கச்சத்தீவை இலங்கையின் பக்கம் விட்ட 1974 ஜூன் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இன்றி முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்றது. 6-ஆவது பிரிவு, ஒரு நாட்டின் கலங்கள் மற்ற நாட்டின் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்றது. அந்த உரிமைகளில் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதை எந்தப் பிரிவும் தெளிவாகச் சொல்லவில்லை. 1976 மார்ச்சில், நெருக்கடிநிலையின் நடுவே, இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. ராமேசுவரத்து மீனவரின் வாழ்வாதாரத்தைத் தொட்ட முடிவு கடிதப் போக்குவரத்தில் முடிந்துபோயிற்று. (நம் இழுவைமடி விசைப்படகுகளால் இலங்கையின் வடக்கு மாகாண மீனவர்கள் படும் துயரமும் உண்மைதான்; அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத மனமில்லை.)

அதே 1974-இல் வங்கதேசத்துடன் கையெழுத்தான நில எல்லை ஒப்பந்தத்தின் கதை வேறு. நிலப்பரப்பைப் பிற நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்று பெருபாரி என்ற எல்லைப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-இல் கருத்துரைத்திருந்ததால், அது நாடாளுமன்றத்துக்கு வந்தே தீர வேண்டியிருந்தது. 2013-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதாவை ஆராய்ந்து பரிந்துரைத்ததும் இதே நிலைக்குழுதான். 2015-இல் 100-ஆவது திருத்தம் நிறைவேறி, மற்ற நாட்டின் நிலத்தால் சூழப்பட்டுக் கிடந்த இந்தியாவின் 111 திட்டுகளும் வங்கதேசத்தின் 51 திட்டுகளும் கைமாறின. 41 ஆண்டுகள் என்பது மிக நீண்ட தாமதம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அங்கு வாழ்ந்தவர்கள் எந்த நாட்டின் குடிமக்களாக இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்கப்பட்டார்கள்.

பேச்சுவார்த்தைக்கு இரகசியம் தேவை என்பதை ஏற்கிறேன். எதிர்த்தரப்பு நம் கையிருப்பை முன்கூட்டியே அறிந்துவிட்டால் பேரம் கெட்டுவிடும். கையெழுத்தான பிறகோ எதிர்த்தரப்புக்குத் தெரியாத வரி ஒன்றும் அதில் மிஞ்சுவதில்லை; தெரியாதவர்கள் நம் பிரதிநிதிகள் மட்டுமே. படைத்தளப் பயன்பாடு, தகவல்தொடர்புக் குறியீடு போன்றவை பொதுவெளிக்கு வரக் கூடாதெனில், உங்கள் குழு மூடிய கதவுக்குள்தானே கூடுகிறது?

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்புறுதிக்கு முன் பொதுவாக 21 அமர்வு நாள்கள் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். அதுபோன்ற கால வரம்பையும், பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு மூடிய அமர்வில் பிரிவுவாரிப் பரிசீலனையையும், கடலோர மாநிலத்தைத் தொடும் ஒப்பந்தமெனில் அந்த மாநில அரசின் எழுத்துபூர்வக் கருத்தையும் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றை உங்கள் அடுத்த அறிக்கையிலேயே பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரசு அதை ஏற்க மறுத்தால், மறுப்பதற்கான காரணம் அவைக்குறிப்பிலாவது பதிவாகட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்