வாகனத்துக்கு உள்ள சோதனை ஆளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐ.நா. அமைதி காக்கும் பணிகளுக்கு இன்னும் கூடுதலான படையினரை அனுப்பினால், அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவில்லாமல் இராணுவத்தை நவீனப்படுத்திவிடலாம் என்று உங்கள் பத்திரிகையில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பாதி சரி. மற்றப் பாதியைக் கட்டுரையாளர் எழுதாமல் விட்டுவிட்டார். நான் படையில் இருந்தவன் இல்லை. அரச திணைக்களம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. ஆள் தரும் நாட்டுக்கு ஒரு படையாளுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கிறது. 2018இல் அந்தத் தொகை 1,428 டொலராக இருந்தது. பிறகு சிறிது கூடியிருக்கிறது. பணம் அரசாங்கத்துக்குத்தான் போகிறது, சிப்பாயின் கைக்கு நேராகப் போவதில்லை. ஐரோப்பிய நாடுகளுக்கு இது தங்கள் சிப்பாயின் சம்பளத்துக்கே காணாது. நேபாளம், பங்களாதேஷ், இலங்கை போன்ற நாடுகளுக்கு இதில் மிச்சம் பிடிக்க இடமுண்டு. அதிக ஆள் தரும் நாடுகளின் பட்டியலில் நேபாளமும் பங்களாதேஷும் ஏன் மேலே நிற்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஆள் கூலி. கட்டுரையாளர் தொடாத விஷயம் தளபாட வாடகை. 1996 முதல் உள்ள ஒழுங்கின்படி, கவச வாகனம், ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் என்று ஒரு நாடு தன் சொந்தப் பொருட்களைக் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை உண்டு. திருத்த வேலையையும் உதிரிப்பாகங்களையும் அந்த நாடே பார்த்துக்கொண்டால் வாடகை கூடும். எங்கள் திணைக்களங்கள் மாதக் கூலிக்கு வான் பிடிப்பதைப் போலத்தான். வான் கராஜில் கிடந்தால் சொந்தக்காரருக்குக் காசு வெட்டு விழும். இங்கேயும் அதே சட்டம். வாகனம் போய் இறங்கியவுடன் ஐ.நா. பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். ஓடவில்லையென்றால் வாடகையில் கை வைப்பார்கள்.

இந்தச் சோதனைதான் ஒரு படையை உண்மையில் மாற்றுகிறது என்பது என் எண்ணம். புது வாகனம் வாங்குவது பெரிய வித்தையில்லை, கடன் கிடைத்தால் எந்த அரசாங்கமும் வாங்கும். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், மணலிலும் வெயிலிலும் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதும், உதிரிப்பாகம் தீருமுன் அடுத்ததை வரவழைப்பதும், ஒவ்வொரு பழுதையும் பதிவேட்டில் ஏற்றுவதும்தான் கடினம். மாதா மாதம் பணம் வெட்டப்படும் என்ற பயம் இருந்தால் இதெல்லாம் தானாக வரும். ஆனால் 'ஒரு சதம் செலவில்லாமல்' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் நாம் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். வாடகை பின்னால்தான் வரும். ஐ.நா.வுக்குச் சந்தா தரவேண்டிய பெரிய நாடுகள் இழுத்தடித்தால் அதுவும் பிந்தும்.

திருகோணமலையில் என் வயதுக்காரர்களுக்குப் 'பவள்' வாகனத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்து எங்கள் வீதிகளில் ஓடிய கவச வாகனம் அது. அதைப் பார்த்து நம் நாட்டு இராணுவப் பொறியியலாளர்கள் பிறகு தாங்களே வாகனம் செய்தார்கள். அந்த வம்சத்தில் வந்த யூனிபவள்தான் 2017 கடைசியில் மாலி நாட்டுக்குப் போன இலங்கை வாகனத் தொடரணிப் பாதுகாப்புப் படையோடு போனது. இங்கே செய்த வாகனம் ஆபிரிக்காவில் வாடகை உழைத்தது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது சும்மா வந்த வாடகை இல்லை. 2019 ஜனவரியில் மாலியில் கண்ணிவெடியில் சிக்கி நம் படையினர் இருவர் உயிரிழந்தார்கள்.

சரி, வாகனத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை. ஆளுக்கு?

2004 முதல் ஹெயிட்டியில் இலங்கைப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. 2007இல் நூற்றுக்கும் அதிகமானோர் பாலியல் குற்றச்சாட்டுகளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2004க்கும் 2007க்கும் இடையில் 134 இலங்கைப் படையினர் ஒன்பது சிறுவர், சிறுமியரைச் சீரழித்ததாக ஐ.நா.வின் உள்ளக அறிக்கையில் இருந்ததை 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்றும் எழுதியது. அந்த மூன்று வருடத்தில் ஒரு ட்ரக் வண்டி ஓடாமல் நின்றிருந்தால் அடுத்த பரிசோதனையிலேயே பிடிபட்டிருக்கும். ஒரு சிறுமி அழுததைப் பிடிக்க அப்படி எந்தப் பதிவேடும் இருக்கவில்லை.

இதை நான் திருகோணமலையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'அமைதி காக்க' வந்த படையை வாங்கி அனுபவித்த ஊர் இது. இந்திய அமைதிப்படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச் 24ஆம் திகதி எங்கள் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. அதை இந்தியா தன் செலவிலேயே அனுப்பியது, ஐ.நா. வாடகை எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும், அவர்கள் கொண்டுவந்த ட்ரக் எந்த ரகம் என்று சொல்லமாட்டார்கள். சோதனைச்சாவடியில் தன் தம்பியை எப்படி நடத்தினார்கள், இரவில் கதவைத் தட்டினார்களா, தண்ணீர் கேட்டபோது மரியாதையாகக் கேட்டார்களா என்றுதான் சொல்வார்கள். ஹெயிட்டிக்காரரும் மாலிக்காரரும் இலங்கைப் படையைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வெளியே போய்த் திரும்பும் படை வீட்டில் என்ன செய்யும் என்பதும் இருக்கிறது. இதற்கு பீஜி ஒரு பாடம். 1978இல் லெபனானுக்கும் பிறகு சினாய் பாலைவனத்துக்கும் ஆள் அனுப்பத் தொடங்கிய பின்னர்தான் அந்தச் சின்னத் தீவு நாட்டின் படை பெருத்தது. ஊரில் சண்டையே இல்லாத நாடு அது, அவ்வளவு பெரிய படையைப் பிறர் பணம் இல்லாமல் வைத்திருந்திருக்காது. 1987இல், இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு தேர்தலில் வென்ற அரசாங்கத்தைப் பதவிக்கு வந்து ஒரு மாதத்தில் கவிழ்த்தவர், லெபனானில் பணியாற்றித் திரும்பிய லெப்டினன்ட் கேணல் ரபூக்கா. கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் அந்த வம்சாவளியில் அடக்கம். அதன்பின் 2000இலும் 2006இலும் அதே நாடு ஆட்சிக் கவிழ்ப்பைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் ஐ.நா. பணம்தான் காரணம் என்று சொல்லவில்லை, அது அநியாயம். படை நவீனமாவதும் படை அடக்கமாவதும் ஒன்றாக நடந்தேதீரும் என்று நம்பிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பணம் தருபவர் நினைத்தால் கேள்வி கேட்க முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சோமாலியாவிலிருந்த ஆபிரிக்க ஒன்றியப் படைக்கு ஐரோப்பிய ஒன்றியம்தான் படி கொடுத்துவந்தது. புருண்டியில் அரசியல் நெருக்கடி முற்றியபோது, புருண்டி படையினருக்குரிய பணத்தை அரசாங்கத்தின் கையில் கொடுக்கமாட்டோம் என்று 2016இல் அது மல்லுக்கட்டியது. நமக்கும் அப்படியொன்று நடந்திருக்கிறது. 2019இல் போர்க் குற்றச்சாட்டுக்கு உள்ளான சவேந்திர சில்வாவை இராணுவத் தளபதியாக நியமித்ததை அடுத்து, இலங்கை இராணுவத்தைப் புதிய பணிகளுக்கு எடுப்பதை ஐ.நா. நிறுத்தியது, தவிர்க்க முடியாத இடங்களைத் தவிர. அந்த 'தவிர' என்ற வாசல் எவ்வளவு அகலம் என்பது வேறு கதை. அனுப்பப்படுபவர்களின் பின்னணியை ஆராயும் பொறுப்பு நம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தரப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள், என்ன காரணம் என்பது பத்திரிகை வாசிக்கும் என்னைப் போன்றவர்கள் கையில் கிடைக்கும் விதத்தில் வருவதில்லை.

கட்டுரையாளர் 'நிரந்தர வருமானம்' என்று எழுதியதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹெயிட்டிப் பணி 2017இல் முடிந்தது. மாலிப் பணியை அந்த நாட்டு அரசே வெளியே போகச் சொல்லி 2023இல் மூடினார்கள். நம் படையினர் நக்கூராவில் காவல் நிற்கும் லெபனான் பணி 2026 டிசம்பரோடு முடிய வேண்டும் என்று பாதுகாப்புச் சபை தீர்மானித்துவிட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023இல் அரசாங்கமே அறிவித்தது. வெளிநாட்டில் சில நூறு பேர் டொலர் உழைப்பதைக் காட்டி அந்தக் குறைப்பைத் தள்ளிப்போட இடம் கொடுக்கக்கூடாது. கோணேசர் கோயிலுக்குப் போவதானாலும் இராணுவம் இருக்கும் கோட்டை வாசலால் நுழைந்துதான் போகவேண்டிய ஊர்க்காரன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே படுகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாதீட்டு விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் நாள் வரும்போது, உங்கள் பாராளுமன்றச் செய்தியாளர் சில கேள்விகளுக்குப் பதில் தேடி வெளியிடட்டும். ஐ.நா.விடமிருந்து இதுவரை வந்த ஆள் கூலி எவ்வளவு, தளபாட வாடகை எவ்வளவு, அதில் சிப்பாய்க்குப் போனது எவ்வளவு, எந்தக் கணக்கில் கிடக்கிறது, கணக்காய்வாளர் நாயகம் அதைப் பார்த்தாரா? அதே பக்கத்தில், மனித உரிமைகள் ஆணைக்குழு மறுத்தவர்களின் தொகையும் வரட்டும், பெயர் வேண்டாம். ஹெயிட்டி விவகாரத்தில் இங்கே யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.