4 நிமிடம், 4 வருஷம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அக்கா ஆடிக்கு வந்து கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போனாள். மற்றபடி கொண்டலாம்பட்டியில் எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் பேரனோடு உட்கார்ந்து அந்த 'லைட்இயர்' படத்தைப் பார்த்தேன். 2022இல் வந்தபோதே, "பிக்ஸார்காரன் ஏமாத்திட்டான்ப்பா" என்று போனில் சொன்னாய். பொம்மைப் படத்துக்குப் போய் இவ்வளவு வருத்தமா என்று நான் சரியாகக் காதுகொடுக்கவில்லை. இப்போது எனக்கே ஆறவில்லை. பிக்ஸார் கம்பெனிப் பெயர் வரும்போது மேசை விளக்கு துள்ளி வந்து எழுத்தை மிதித்ததும் சின்ன வயதில் நீ கை தட்டுவாயே, அதைப் பார்த்ததும் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. விண்வெளி வீரன் லைட்இயர் 4 நிமிடம் வானத்தில் பறந்துவிட்டு வருகிறான், கீழே 4 வருஷம் போய்விடுகிறது. திரும்பத் திரும்பப் போகிறான். 62 வருஷம் ஓடி, கூட இருந்த சிநேகிதி கிழவியாகிச் செத்தும் போகிறாள். நாக்பூர் லோடு முடித்து நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ ஒரு விரற்கடை வளர்ந்திருப்பாய். அம்மா கதவு நிலையில் கோடு போட்டு வைத்திருப்பாள். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடிக்க நான் விடவில்லை.

அப்புறம்தான் கெடுத்துவிட்டார்கள். 1999இல் வந்த இரண்டாவது 'டாய் ஸ்டோரி'யில் வில்லன் ஸர்க், தான்தான் லைட்இயருடைய அப்பா என்பான். நீ அதை எனக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பாய். இதில் ஸர்க்கின் இரும்புச் சட்டையைத் திறந்தால் அப்பாவைக் காணோம், லைட்இயரே கிழவனாகி நிற்கிறான். செய்த தப்பு நடக்காமலே போகும்படி காலத்தில் பின்னால் போகவேண்டும் என்கிறான். அந்த ஆளை உட்காரவைத்துப் பேசவிட்டிருக்க வேண்டாமா? துப்பாக்கிச் சண்டையில் முடித்துவிட்டார்கள். 1995இல் முதல் 'டாய் ஸ்டோரி'யில் ஒரு பழைய பொம்மையின் பொறாமையை அவ்வளவு பொறுமையாகச் சொன்ன கம்பெனி. நம் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் திரையில் விழுந்தாலே டிக்கெட் காசு வீண்போகாது என்பார் உன் தாத்தா. உனக்கு இந்தக் கம்பெனிமேல் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது.

சரி. ராத்திரி 2 மணிக்கு மேல் வண்டி ஓட்டாதே. 2லிருந்து 4 வரை கண் திறந்தபடியே தூக்கம் வரும், டீ குடித்தாலும் போகாது. வேளைக்குச் சாப்பிடு. நீ டொராண்டோவில் இருப்பதை ஐந்து ரோட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 3 பொங்கலாக நீ வரவில்லை. தீபாவளிக்கு 2 நிமிடம் பேசினாய், அதிலும் அம்மாதான் பேசினாள். ராத்திரியில் ஓட்டாதே.

தொப்பூர் விஷயம் உனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் முதலாளியிடமும் போலீசிடமும் அம்மாவிடமும் சொன்னேன். பிரேக் பிடித்தது கண்ணு. நான்தான் தூங்கிவிட்டேன். உன் 7ஆவது பிறந்தநாளுக்கு வந்துவிடவேண்டும் என்று தர்மபுரியில்கூட நிறுத்தாமல் வந்தேன். கிளீனர் பையனுக்குக் கால் போனது. அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான், அவனுக்குத் தெரியும். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தாரமங்கலத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. உனக்கு வாங்கிய லைட்இயர் பொம்மை அன்றைக்கு வண்டியில் இருந்தது. அதன் ரெக்கை நீ ஒடித்ததில்லை. நீ ஒடித்தாய் என்று அம்மா திட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்போது பரணிலிருந்து எடுத்துத் துடைத்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். அதை நான் உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு ராத்திரி 2 மணி என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், நான் சும்மாதான் இருப்பேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடு.

அப்பா