எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம்: கணினி கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினிக்கு கேம் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவருக்குப் புகார் ஒன்று அனுப்பினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை; படித்தால் அவர்களுக்கே விளங்கிவிடும். 140 மணி நேரம் ஒரு குறையுமில்லாமல் ஆடிய கேம், அப்டேட் வந்த மறுநாள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இரண்டு வரியில் பதில் வந்தது: லினக்ஸ் எங்கள் ஆதரவுப் பட்டியலில் இல்லை, விண்டோஸில் முயன்று பாருங்கள். பதிலில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்த 140 மணி நேரமும் நான் விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸில்தான் ஆடினேன். அப்போதும் அது பட்டியலில் இல்லை.

லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் கூட்டங்களில் என்ன கணக்கு ஓடும் என்பது தெரிந்ததுதான். தனிப் பதிப்பு, தனிக் குழு, தனிச் சோதனை, அத்தனையும் கைப்பிடி அளவு ஆட்களுக்காக. அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். எனக்கு லினக்ஸ் பதிப்பே வேண்டாம். இப்படிச் சொன்னால் என் பக்கத்து ஆட்களே சிலர் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். லினக்ஸ் பதிப்புகள் பலவற்றின் கதியைப் பார்த்தாயிற்று. வெளியாருக்கு ஒப்பந்தத்தில் விட்டுச் செய்வது, சில காலத்தில் அப்டேட் நின்றுபோவது, பதிப்பு எண் பின்தங்கி விண்டோஸ் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாமல் போவது. 2015 நவம்பரில் விற்பனைக்கு வந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கணினிகள் சத்தமில்லாமல் மறைந்ததற்கும் ஆடக் கேம்கள் போதாததே பெரிய காரணம். இன்று லினக்ஸ் பதிப்பு இருக்கும் கேமிலும் விண்டோஸ் பதிப்பை இறக்கி, புரோட்டான் என்ற மென்பொருள் வழியாகவே ஆடுகிறேன்.

ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் அடித்தளம் 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்ற மென்பொருள். உங்கள் நிரல் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் துபாஷி வேலை அதனுடையது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 11 வரையான வரைகலைக் கட்டளைகளை, டிஎக்ஸ்விகே என்ற அடுக்கு, லினக்ஸுக்கும் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. 12-க்கு வேறொரு மொழிபெயர்ப்பு அடுக்கு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தபோது, உங்களில் பலர் சுண்டுவிரலைக்கூட அசைக்காமலேயே உங்கள் கேம்கள் அதில் ஓடின. துபாஷி தடுமாறும் இடங்களும் உண்டு. காணொளி ஓட்டும் விண்டோஸ் பகுதியான மீடியா ஃபவுண்டேஷனை நம்பிக் கதைக் காட்சிகளைச் சேர்த்திருந்தால், நாயகி உண்மையைச் சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் திரையில் பழைய தொலைக்காட்சி நிலையத்தின் வண்ணப் பட்டைகள் வந்து நிற்கும். அந்தக் காணொளிகளை உரிமத் தொல்லையில்லாத விபி9 போன்ற வடிவில் கொடுத்திருந்தால் சிக்கலே எழாது. இதற்கு லினக்ஸ் தெரிந்த ஆள் யாரும் தேவையில்லை.

ஸ்டீம் நடத்தும் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில்தான் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சிறிய எண், மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸ்காரர்கள் ஓயாமல் புகார் சொல்பவர்கள் என்ற பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளி கேமை உருவாக்கியவர் 2021-இல் தன் கணக்கை வெளியிட்டார். வாங்கியவர்களில் 5.8 சதவீதம் பேர் லினக்ஸ் ஆட்கள். பிழை அறிக்கைகளிலோ 38 சதவீதம் அவர்களுடையவை. இத்தோடு நிறுத்தினால் உங்கள் பேச்சு சரிதான். லினக்ஸ் ஆட்கள் அனுப்பிய அந்தச் சுமார் 400 அறிக்கைகளில் லினக்ஸில் மட்டும் வரும் பிழைகள் எத்தனை தெரியுமா? மூன்று. மிச்சமெல்லாம் விண்டோஸில் ஆடுபவர்களையும் வருத்திக்கொண்டிருந்த பிழைகள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள், நாங்கள் எழுதிப் போட்டோம்.

இனி ஏமாற்றுத் தடுப்பு. இணையப் போட்டியில் சுவருக்கு அப்பால் பார்த்துச் சுடுகிறவன் எனக்கும் எதிரிதான். லினக்ஸில் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், அதனால் காவல் போடுவது கடினம் என்கிறீர்கள். நியாயமான கவலை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது உங்கள் கையில். சிலர் இயக்கினீர்கள். சிலர் இயக்கிவிட்டுப் பிறகு அணைத்தீர்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் ஆட்டக்காரர்களுக்குக் கதவை மூடியது. போட்டியின் நேர்மைக்காகச் சிலரை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது என்ற வாதத்தை, கசப்போடுதான், ஏற்றுக்கொள்கிறேன். தனியாள் கதைப் பகுதிக்கும் அதே பூட்டைப் போடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. அங்கே நான் யாரை ஏமாற்றப் போகிறேன்? கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5-இல் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்தபோது ஆன்லைன் பகுதி லினக்ஸில் முடங்கியது, கதைப் பகுதி வழக்கம்போல ஓடியது. குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது பிரித்துப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு இரண்டாண்டு கழித்துக் கதவை மூடுகிறவர்கள், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடட்டும்.

கன்ட்ரோலர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றாலே கன்ட்ரோலர் தகராறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரைச் சோனியே எழுதிக் கொடுத்து, 2021 முதல் அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கம்பியைச் செருகினால் போதும், தொடுபலகை, சாய்வை உணரும் ஜைரோ உட்பட எல்லாம் தெரியும். எதையும் இறக்க வேண்டியதில்லை. அதாவது உங்கள் கேமின் வாசல் வரைக்கும் என் கன்ட்ரோலர் முழு உடம்போடு வருகிறது. உள்ளே நுழைந்ததும் பாதி உறுப்பு காணாமல் போகிறது.

காரணம், கன்ட்ரோலரைப் படிக்கும் விண்டோஸின் பழைய வழியான எக்ஸ்இன்புட்டை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். அது எக்ஸ்பாக்ஸ் 360-இன் கன்ட்ரோலருக்காக 2005-இல் பிறந்தது. விரலால் அசைக்கும் இரண்டு குச்சி, இரண்டு விசை, சில பொத்தான்கள், அதிகபட்சம் நான்கு பேர். ஜைரோ, தொடுபலகை, பின்புறப் பொத்தான்கள் எதுவும் அதற்குத் தெரியாது. கையைச் சற்றே சாய்த்துக் குறிவைக்கும் ஜைரோவின் அருமை, குச்சியால் தலையைக் குறிபார்த்துத் தோற்றவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் கேம் ஜைரோவைப் படிக்காததால், கன்ட்ரோலரை மாற்றியமைக்கும் ஸ்டீம் இன்புட் வசதியில் அதை மவுஸ் போல நடிக்க வைக்கிறோம். அப்போது ஒரு கையில் குச்சியும் மறு கையில் ‘மவுஸும்’ ஒரே நேரத்தில் அசையும். உங்கள் கேமுக்குத் தலை சுற்றிவிடுகிறது. கீபோர்டு, கன்ட்ரோலர், கீபோர்டு, கன்ட்ரோலர் என்று திரையிலுள்ள பொத்தான் படங்கள் நொடிக்குப் பத்துமுறை மாறுகின்றன. சில கேம்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டம் ஒரு கணம் நின்று தொடர்கிறது. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளுங்கள், பொத்தான் படத்தை எது வேண்டுமோ அதில் நிறுத்திவைக்க ஒரு வசதி கொடுங்கள். விண்டோஸில் ஜைரோ வைத்து ஆடுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

பொத்தான்களை விருப்பம்போல மாற்றிக்கொள்ளக் கீபோர்டுக்கு ஒரு பக்கமே ஒதுக்குகிறீர்கள். கன்ட்ரோலருக்கோ, ‘அமைப்பு 1, அமைப்பு 2’. நிண்டெண்டோ கன்ட்ரோலரில் ஏ இருக்கும் இடத்தில் எக்ஸ்பாக்ஸில் பி இருக்கிறது. ஆமாம் என்று அழுத்தினால் அழிந்துபோன சேமிப்புகள் எத்தனையோ. டெட்சோனை, அதாவது குச்சி எவ்வளவு அசையும்வரை கேம் கண்டுகொள்ளாது என்ற அளவை, நாங்களே கூட்டிக் குறைக்க விடுங்கள். உராய்ந்து தேயும் பொட்டென்ஷியோமீட்டர் குச்சியோடு இருப்பவனுக்கு அது பெரிதாக வேண்டும், காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சி வாங்கியவனுக்குச் சிறிதாக வேண்டும். நீங்களே ஓர் அளவை உள்ளே வைத்துப் பூட்டினால் இருவருக்கும் பயனில்லை. இவற்றையெல்லாம் முதலிலிருந்து எழுதவும் வேண்டாம். 1998 முதல் இருக்கும் எஸ்டிஎல் நூலகம் இலவசம்; விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல ஓடும், கன்ட்ரோலர் வகையை அறியும், ஜைரோவையும் படிக்கும்.

கடைசியாக லாஞ்சர், அதாவது கேமுக்கு முன்னால் திறக்கும் உங்கள் தனி நிரல். ஸ்டீமைத் திறந்து, அது உங்கள் லாஞ்சரைத் திறந்து, அதில் கடவுச்சொல் கேட்டு, அதற்குள் கேமைத் திறப்பது யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையடக்கக் கருவியில் அந்தக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் குச்சியால் தேடி அடிக்க வேண்டும்.

நான் புகார் எழுதிய கேமில் நடந்ததும் இதுதான். கேமில் பழுதில்லை. அந்த அப்டேட்டில் புதிதாக ஒட்டவைத்த லாஞ்சர்தான் திறந்தவுடன் செத்துவிழுகிறது. அதைத் தாண்டி கேமின் கோப்பை நேரடியாக இயக்கினால் இன்றும் ஓடுகிறது, சேமிப்பை மட்டும் ஏற்க மறுக்கிறது. எந்த வரியில் நிற்கிறது என்று குறித்து, பதிவுக் கோப்பையும் புகாரோடு இணைத்திருந்தேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடியிருக்கிறீர்கள். கோப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, யாராவது ஒருவர் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டியலில் இல்லாத ஓர் ஆட்டக்காரன்