இரண்டு பக்கமும் வேறு வேறு ஸ்டெப்: பின் ஷாக் அப்சார்பர் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பின் ஷாக் அப்சார்பரை, அதன் ஸ்டெப்பை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள படிநிலை) பார்க்காமல் தவறாக மாட்டியதும், புது ஷாக் வாங்கச் சொன்னதும் தொடர்பாக.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் 125 சிசி வண்டியில் தினமும் வத்தலகுண்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். திண்டுக்கல்லில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கடந்த சர்வீஸின்போது வலப்பக்கப் பின் ஷாக்கைக் கழற்றி புஷ் (ஷாக்கை வண்டியோடு பொருத்தும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்) மாற்றினார்கள். ஜாப் கார்டிலும் அது பதிவாகியிருக்கிறது. அன்றிலிருந்து வேகத்தடையில் ஏறினால் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, வளைவில் வண்டி ஒரு மாதிரி நெளிகிறது, இடுப்பு வலி தாங்க முடியவில்லை.

மறுபடி கொண்டுபோய்க் காட்டியபோது சர்வீஸ் அட்வைசர் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டைக் கையால் இரண்டு முறை அழுத்திவிட்டு, "ரெண்டு ஷாக்கும் போயிடுச்சு சார், செட்டா மாத்தணும், வாரண்டில வராது" என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். பார்த்ததற்கென்று தனியாகக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆயில் கசிவு துளியும் இல்லாத ஷாக் எப்படிப் போகும் என்ற சந்தேகத்தில் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்பிரிங்கின் அடியில் படிந்திருந்த சேற்றைத் துணியால் துடைத்துவிட்டு என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் 2-வது ஸ்டெப்பில் இருந்தது. வலப்பக்கம் 5-ல், அதாவது கடைசி இறுக்கத்தில். புஷ் மாற்றி மாட்டியவர் ஸ்டெப்பைப் பார்க்காமலே மாட்டியிருக்கிறார். இரட்டை ஷாக் வண்டியில் இரண்டும் ஒரே ஸ்டெப்பில் இருக்க வேண்டும் என்பது தொழில் கற்கும் பையனுக்கும் தெரிந்த பாலபாடம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சில் போல்ட்டிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பில் அளந்தார். பிறகு தரையில் இறக்கி, நான் உட்கார்ந்ததும் அதே இடத்தை அளந்தார். வித்தியாசம் 18 மி.மீ. தான். சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் போகிற தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆள் உட்காரும்போதே அமுங்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையை விடாமல் பிடிக்கும். என் எடை 55 கிலோதான், அதற்கு அந்த இறுக்கம் அதிகம். சி ஸ்பேனரால் (ஸ்டெப்பைத் திருப்பும் கொக்கி வடிவ ஸ்பேனர்) இரு பக்கமும் மிகக் குறைந்த இறுக்கமான முதல் ஸ்டெப்புக்குக் கொண்டுவந்ததும் 30 மி.மீ. அமுங்கியது. புது ஷாக் எதுவும் மாற்றவில்லை. இப்போது வண்டி தூக்கிப் போடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போவேன். அப்போது ஸ்டெப்பைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். ஆனால் இதற்கு வேண்டிய சி ஸ்பேனர் உங்கள் டூல் கிட்டில் இல்லை. கையேட்டிலும் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. அணுகியதால் எனக்குக் கிடைத்தது தேவையில்லாத எஸ்டிமேட். வளைவில் நெளிகிற வண்டியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆகவே, புஷ் மாற்றிய கூலியையும், பரிசோதனைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். எனக்கு ஒரு சி ஸ்பேனர் அனுப்புவதோடு, இனி விற்கும் வண்டிகளின் டூல் கிட்டிலும் அதை வையுங்கள். தனியாகப் போனால் எந்த ஸ்டெப், பின்னால் ஆள் இருந்தால் எந்த ஸ்டெப் என்று எடை வாரியாகக் கையேட்டில் அட்டவணை போடுங்கள். ஷாக் மாற்றச் சொல்வதற்கு முன் ஸ்டெப்பைப் பார்க்க வேண்டும் என்று எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் எழுத்துமூலம் உத்தரவிடுங்கள்.

ஜாப் கார்டு, எஸ்டிமேட், இரு ஷாக்குகளின் ஸ்டெப்பையும் காட்டும் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வத்தலகுண்டு