செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்குழு கூடியது. மாங்குளத்துக்கும் கொங்கர்புளியங்குளத்துக்கும் மலைநடை சென்றோம். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்தது. அந்தப் பெருமை முழுதும் அதை எதிர்த்துப் போராடிய ஊர் மக்களுக்கே.

இனி பேச்சிப்பள்ளம். மாதம் ஒரு ஞாயிறு அங்குள்ள கல்வெட்டுகளைப் படமெடுக்கும் இந்தப் பணி வீண் என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்ததால் விரிவாகவே சொல்கிறேன். கீழக்குயில்குடி சமணர்மலையில், சுனைக்கு மேலே பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று வரிசையாகத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றின் கீழே 9, 10ஆம் நூற்றாண்டில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள். ஒன்றில், சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. மகனின் பெயர் மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் கிடைக்கிறது. தாயின் பெயரைக் காண இங்கேதான் ஏறிவர வேண்டும்.

கல்வெட்டுகளை எல்லாம் எப்போதோ படித்து அச்சிட்டுவிட்டார்களே என்பது கேள்வி. உண்மைதான். ஆனால் அச்சுப் புத்தகம் வாசகத்தைச் சொல்லும், இன்றைக்குக் கல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. எந்த எழுத்து பொரிந்துவிட்டது, எதன் மேல் யார் பெயிண்டால் பெயர் எழுதினார்கள் என்பதற்குப் படம்தான் சாட்சி. பாதுகாக்கப்பட்ட மலை என்பதால் நாம் கல்லைத் தொடவில்லை, கல்லில் தாளை ஒற்றி மைப்படியும் எடுக்கவில்லை. உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. விடியலில், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் படமெடுக்க, ஒருவர் குறித்துக்கொள்ள என்று மூன்று பேராவது வேண்டும்.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தோம். அடுத்த மாதம் ஐந்து பேர். ஆடி மாதத்தில் நானும், பத்தாம் வகுப்பு படிக்கும் ஓர் உறுப்பினரின் மகளும் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் 'வருகிறேன்' என்று போட்டவர்களுக்காகக் குளத்தங்கரையில் ஏழு மணி வரை காத்திருந்தோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்று ஒரு படமும் தேறவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. டார்ச், பேட்டரி வகையில் சிறு தொகையை என் கையிலிருந்து போட்டிருக்கிறேன். பாதிப்பேருக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு இரண்டாண்டுப் பாக்கி. பொருளாளருக்கும், நடைகளுக்கு வேன் கொடுத்து உதவியவருக்கும், மோர் கொடுத்த கீழக்குயில்குடி வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இதே மலையின் செட்டிப்புடவுக் குகையில் பணியைத் தொடங்க வேண்டும். குகையின் உள்ளே விதானத்தை ஒட்டிய சிற்பங்களுக்கு இன்னும் கூடுதல் ஆள் தேவை. ஆள் சேராவிட்டால் இந்தப் பணியைத் தொடர என்னால் இயலாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரிட்டாபட்டித் தீர்த்தங்கரர் திருமேனிக் கல்வெட்டு 'பாதிரிக்குடியார் ரட்சை', அதாவது பாதிரிக்குடி ஊராரின் காவல், என்று முடிகிறது. அன்றைக்குக் காவல் பொறுப்பை ஓர் ஊரே ஏற்றிருக்கிறது. நம் சங்கத்தில் மாதம் ஒரு காலைப்பொழுதைத்தான் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, அய்யனார் கோயில் முன் ஆலமரத்தடியில் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் பையில் இருக்கும்.

செயலாளர்