பொது வார்டிலிருந்து பொட்டாசியம் ஆம்பூலை எடுத்துவிடுங்கள்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "மருந்து செலுத்துமுன் லேபிளை இருமுறை படிக்கவும்" என்ற உங்கள் சுற்றறிக்கை எல்லா வார்டுகளிலும் ஒட்டப்பட்டுவிட்டது. அது ஏன் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரவுப் பணியில் இருந்த செவிலியர் இடைநீக்கத்தில் இருக்கிறார். சலைனுக்குப் பதில் அவர் கை மாறி எடுத்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு ஏற்றும் மருந்து அடங்கிய சிறு குப்பி) மட்டும் அதே இழுப்பறையில் பணியில் தொடர்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அடர் பொட்டாசியம் குளோரைடைப் பொது வார்டுகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். பொட்டாசியம் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பூல், நிறமில்லை. பக்கத்துத் தடுப்பில் நார்மல் சலைன் எனும் உப்புநீர், அதுவும் 10 மி.லி., அதற்கும் நிறமில்லை. ஊசி மருந்து கலக்கும் நீரும் அப்படியே. ஐவி லைனை, அதாவது இரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாயை, கழுவிவிட ஒரே ஷிப்டில் எத்தனையோ முறை சலைன் எடுக்க வேண்டியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில், கண் எழுத்தைப் படிக்குமுன் கை வடிவத்தை நம்பிவிடும். 15 சதவீத ஆம்பூல் ஒன்றில் 20 மில்லிமோல் (மருந்தின் அளவைக் குறிக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. பொது வார்டில் நன்றாக நீர்த்து, மணிக்கு 10 மில்லிமோலுக்கு மிகாமல் ஏற்ற வேண்டிய மருந்து இது. இரண்டு மணி நேரத்துக்கானதைச் சில நொடிகளில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

சரியான ஆம்பூலையே எடுத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் டிரிப் பையில் அப்படியே சேர்த்தால், அடர்த்தி அதிகம் என்பதால் மருந்து அடியில் தங்கும். நோயாளிக்கு முதலில் இறங்குவதும் அதுதான். குழாயை அடைத்து, பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, குறைந்தது 10 முறை தலைகீழாகப் புரட்டிய பிறகே மாட்ட வேண்டும். வார்டுக்கு ஒரே ஒரு செவிலியரை வைத்துக்கொண்டு இதை எந்த அவகாசத்தில் செய்யச் சொல்கிறீர்கள்?

இதெல்லாம் புதிய செய்தியும் அல்ல. பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2002இல் விடுத்த முதல் எச்சரிக்கையே இந்த மருந்தைப் பற்றியதுதான். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று, இத்தகைய அடர் கரைசல்களைக் கட்டுப்படுத்துவதுதான்.

தரச் சான்றிதழ் ஆய்வுக்கு ஆள் வரும் காலையில் இந்த ஆம்பூல்கள் எப்படியோ மருந்தகத்துக்குப் போய்விடுகின்றன. ஆய்வாளர் கிளம்பியதும் திரும்பிவிடுகின்றன. ஆக, அவை எங்கே இருக்க வேண்டும் என்பதில் நிர்வாகத்துக்குச் சந்தேகமே இல்லை. தரம் என்பது வருகைப் பதிவேடு போல ஆய்வாளருக்குக் காட்ட மட்டும்தானா?

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். லிட்டருக்கு 20, 40 மில்லிமோல் என முன்கூட்டியே கலந்து வரும் பைகளை வாங்குங்கள். இரவில் மருந்தகம் மூடியிருக்கும் என்பதுதான் வழக்கமான மறுப்பு. வார்டில் நாலைந்து பைகள் இருந்தால் அந்தக் கவலை தீரும். வாயால் விழுங்க முடிந்தவர்களில் பலருக்குப் பொட்டாசியம் சிரப்பே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆம்பூல் தேவைதான். அங்கே தனிப் பூட்டுப் பெட்டி, சிவப்பு லேபிள், எடுக்கும்போது இருவர் கையெழுத்து.

அடுத்த மருந்துக் குழுக் கூட்டத்திலேயே முடிவெடுத்து, எந்த வார்டிலிருந்து எத்தனை ஆம்பூல் எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தச் செவிலியர் மீதான விசாரணையில், அந்த ஆம்பூலை அந்த இழுப்பறையில் வைக்க அனுமதித்தது யார் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள், செவிலியர்கள்