படகை எண்ணினோம், பிள்ளையை எண்ணவில்லை
எங்கள் பாய்ப்படகுக் கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து 101 பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு பொல்கொட ஏரிக்கு வரும் தகப்பன் நான். என் அப்பப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர் வழி வந்த எனக்கு நீந்தக்கூடத் தெரியாது! கரையில் நின்று தேத்தண்ணி குடிப்பதுதான் என் வேலை. சும்மா நிற்பவன் கண்ணில் சில விஷயங்கள் படும்.

போன ஒக்டோபரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்னேரம் மூன்று மணிபோல கிழக்கே கறுத்தது, இடி கேட்டது, விசில் ஊதினீர்கள். ஒப்டிமிஸ்ட் எனும், ஒரு பிள்ளை தனியாக ஓட்டும் சின்னப் பாய்ப்படகுகள் ஏழும் கரை சேர்ந்தன. சரி, தப்பினோம் என்று பாயை இறக்கிக்கொண்டிருந்தபோது, மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், "எங்கட பெடியனைக் காணேல்லையே" என்றார். உடனே மீட்புப் படகு திரும்பவும் ஏரிக்குள் போனது. மின்னல் வெட்ட வெட்ட இரண்டு பேர் கரையோரப் புதர்களுக்குள் அரை மணித்தியாலம் தேடினார்கள். பிள்ளையோ மத்தியானமே மாமாவின் காரில் ஏறிப் போயிருந்தான். அவன் விட்டுப்போன படகை வேறொரு பெடியன் எடுத்திருந்தான். அதனால்தான் ஏழு என்ற கணக்குச் சரியாக வந்தது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தோம். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த ஒருவனைத் தேடி இரண்டு பேரை இடிக்குள் அனுப்பியிருக்கிறோம். திறந்த தண்ணீரில் அலுமினியப் பாய்மரம்தான் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 செக்கன் இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீற்றரில் நிற்கிறது. அதற்குக் குறைந்தால் யாரும் தண்ணீரில் இருக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும்வரை திரும்ப இறங்கவும் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்புப் பக்கம் பின்னேர இடி புதினமில்லை. அப்படியிருக்க, அந்த மாதங்களிலாவது பயிற்சியைக் காலையிலேயே முடித்தால் என்ன?

நான் கேட்பது ஒரு பலகை. அதில் ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் இலக்கமிட்ட ஒரு வில்லை, அதாவது சின்னத் தகடு. தண்ணீரில் இறங்குபவர் வில்லையை எடுத்துத் தன் உயிர்காப்பு அங்கியில் கொழுவ வேண்டும், கரையேறியதும் திரும்ப மாட்ட வேண்டும். வில்லை படகுக்கு அல்ல, ஆளுக்கு. ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் மீட்புப் படகைக் கரையில் கட்டிவைத்துவிடக்கூடாது. இதைப் பார்க்க அன்றன்று பெயர் குறித்த ஒருவர் வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றுதான் அன்றும் இருந்தோம்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மீட்புப் படகின் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுபவரின் காலில் கட்டியிருக்க வேண்டியது. நான் பார்த்த நாளெல்லாம் அது கைப்பிடியில்தான் சுற்றியிருக்கிறது. அவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு சுழன்று அவர் மேலேயே வரும். சிறுவர்களுக்குப் பெரியவர்களின் அங்கியைக் கொடுக்காதீர்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குரியது அல்ல. 50 நியூட்டன் மிதப்பு விசை மட்டும் உள்ள அங்கி, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பாய்மரம் நிறுத்திய படகைத் தள்ளுவண்டியில் இழுத்து வரும் வழிக்கு மேலே மின்கம்பி போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. மீட்புப் படகு ஓட்டும் அண்ணா சிங்களம் வாசிப்பவர், என் மகளின் கூட்டாளிகளில் பாதிப் பேர் தமிழ். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தோடு மூன்று மொழியிலும் எழுதுங்கள். தமிழை நான் எழுதித் தருகிறேன்.

பலகைக்கு ஒட்டுப்பலகைத் துண்டொன்று வீட்டில் கிடக்கிறது. வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன், பஸ்ஸில் ஏற்றவிட்டால். எந்தச் சுவரில் மாட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கரையில் நிற்கும் ஒரு தகப்பன்